ஒட்டுப்பால் நாறும் இத்தாலிக்காரி

அத்தியாயம் 11

"ஒண்ணு அந்தக் காடி இந்த வீட்டுல இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்!" என்று லோகேஸ்வரி சோற்றுக் கரண்டியை மேசைமேல் அறைந்ததோடு போன வாரம் விட்டோம் அல்லவா? காடி என்றால் எங்கள் ஊரில் கார். அந்தச் சத்தத்தில் சிரம்பான் ராசா வட்டாரத்து நாய்கள் அத்தனையும் எழுந்து குரைத்தன. குரைக்காதவர் அவள் புருஷன் சத்தியசீலன் ஒருவர்தான்.

அவர் உண்ணாவிரதம் இருந்து பார்த்தார். மூலைக்கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வந்து, வீட்டில் பட்டினி கிடந்தார். வாயோரம் ஒட்டியிருந்த மிளகாய்ச் சாந்தே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கடைசியில், "சரி, வித்துடுறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தண்ணீர் இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனுஷன். ஆயுள் முழுக்கக் குழாய் உடைந்த இடங்களை மட்டுமே பார்த்த கண்ணுக்கு, ஓய்வு காலத்தில் ஒரு அழகியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்படித்தான் மச்சான் ராமகிருஷ்ணன் மூலமாக அந்த இத்தாலிக் காரை வாங்கினார். அறுபது வயதுக் கார். இரண்டே கதவு. மூக்கு மட்டும் அடுத்த வீட்டு வாசல் வரை நீளும். நெடுந்தூரம் சொகுசாகப் போவதற்கென்றே இத்தாலிக்காரன் இழைத்து இழைத்துச் செய்தது. கம்பெனியின் பெயரை லோகேஸ்வரி தன் வாயால் சொல்லமாட்டாள். அவள் வைத்த பெயர் "பொணவண்டி".

காரணம் இருக்கிறது. அதை முன்பு வைத்திருந்தவர் லிங்கி பக்கத்தில் ரப்பர் வாங்கி விற்றவர். கார் ஓடாமல் நின்ற நாளிலிருந்து, அதை ஒட்டுப்பால் மூட்டை போடும் கிடங்காக்கிவிட்டார். கோப்பையிலும் மரப்பட்டையிலும் உறைந்து சுருண்ட ரப்பர்தான் ஒட்டுப்பால். செத்த எலியைப் புளித்த மோரில் ஊறப்போட்டு, ஈரச் சாக்கில் சுற்றி, பூட்டிய அறையில் மறந்துவிட்டுப் போனால் ஒரு வாடை வருமே, அது ஒட்டுப்பாலுக்கு முன்னால் மல்லிகைப்பூ. முப்பது வருஷம் அந்த மூட்டைகள் இத்தாலித் தோல் சீட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. தோல் அத்தனையையும் குடித்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவள் லோகேஸ்வரி. காப்பித்தூள் வைத்தாள். அடுப்புக்கரி வைத்தாள். டாக்சிக்காரர்கள் வாசனைக்கு வைப்பது போலப் பாண்டான் இலையைக் கட்டுக்கட்டாகப் போட்டாள். இப்போது அந்தக் கார், பாண்டான் இலையைத் தின்று காப்பி குடித்த பெருச்சாளி மாதிரி நாறியது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரே மகள் ஷாமினி, தான் கட்டிக்கொள்ளப்போகும் பையனை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதன்முதலாகக் கூட்டி வருகிறாள். "பேரு ரகு. மத்ததெல்லாம் நேர்ல சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டாள். பையன் வாசலில் கால் வைக்கும்போது அந்தப் பொணவண்டி அங்கே நிற்கக்கூடாது. லோகேஸ்வரிக்கு உலகத்தில் வேறு எந்த ஆசையும் இல்லை.

நல்லவேளையாக ஓர் ஆள் கிடைத்திருந்தார். சிரம்பானில் பரம்பரை வட்டிக்கடைக் குடும்பம், பெயர் ஆதப்பன். வீடு நிறையப் பழைய கார் சேர்ப்பவர். லுக்குட்டில் ராமகிருஷ்ணனின் பட்டறைக்கு மத்தியானம் வந்து காரை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

காலையில் லோகேஸ்வரி காரில் ஏறினாள். ஏறினாள் என்றா சொன்னேன்? சீட்டின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பெட்ஷீட், அதன்மேல் ஒரு நியூஸ்பேப்பர், அதன் நுனியில் அவள். முகத்தில் இரண்டு மாஸ்க். கையில் ரப்பர் உறை. பிணவறைக்குப் போன நாளில்கூட ஒரு மாஸ்க்தான் போட்டவள்.

"என்னா லோகா, ஆப்பரேசனுக்குப் போற மாதிரி வர்ற?"

"ஆப்பரேசன்தான். கட்டிய வெட்டி எறியப் போறோம்."

சத்தியசீலன் பெருமூச்சு விட்டார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, டேஷ்போர்டு கண்ணாடியில் இருந்த ஒரு புள்ளியைத் துடைத்தார்.

"சீ! எச்சிய தொட்டுத் தொடைக்கிறீங்களே, அருவருப்பா இல்ல?"

"பளபளன்னு ஆயிடுச்சு பாரு."

"நாப்பது வருசம் ஒங்ககூட குடும்பம் நடத்துனேன். என்னை ஒரு நாளாவது இப்புடி ஆசையா தொடச்சு விட்டிருக்கீங்களா?"

"எச்சி தொட்டா?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேச வாய் திறந்தால் காற்று உள்ளே போகிறது.

என்ஜின் எழுந்தது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆறு தொண்டைகள் ஒன்றாகச் சுருதி சேர்த்த மாதிரி ஒரு முழக்கம். எதிர்வீட்டு ஜன்னல்கள் தாளம் போட்டன. சத்தியசீலன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கார் ஓட்டுவது தாம்தான் என்ற ஞாபகம் வந்து திறந்தார்.

லுக்குட்டுக்கு நேராகப் போயிருந்தால் இந்தக் கதையே வேறு. போகவிடாமல் செய்தது லோகேஸ்வரிதான். காரை முதன்முதலில் லாரியில் கட்டி இழுத்து வந்த நாளில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சரிவில் கயிறு அறுந்து, கார் தன்னால் உருண்டு ஓடி, முனியாண்டி கோயிலின் முன்னால் தானாக நின்றது. அப்போது சத்தியசீலன் சுருட்டும் ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் போத்தலும் வைப்பதாக, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்குவதாக நேர்ந்துகொண்டார். இன்னும் செய்யவில்லை.

"நேந்துக்கிட்டத செய்யாம வித்தா அது நம்ம தலையிலதான் விடியும். பொண்ணு கல்யாணம் வருது. மொதல்ல அதை முடிங்க" என்று அவளே சொல்லியிருந்தாள்.

கோயில் என்றால் நான்கு தகரத் தூண், ஒரு கூரை. உள்ளே ரோஸ் நிற பெயிண்டில் முனியாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராமகிருஷ்ணன் மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே வந்து காத்திருந்தான். பூசாரி சன்னாசி, பழைய லாரி ஓட்டுநர். வாயில் வெற்றிலை. அவர் பேசினால் எதிரே நிற்பவர் குடை பிடிக்கவேண்டும்.

"வாங்கம்மா, வாங்க! காடியா இது? கப்பலுலா!" என்றார். லோகேஸ்வரி முகத்துக்கு நேரே பிடித்திருந்த வெள்ளைக் கைலேஞ்சியில் சிவப்பாக மூன்று புள்ளி விழுந்தது. அவள் அதை இரண்டு விரலால் பிடித்து, செம்பனை மரத்தடியில் போட்டுவிட்டு வந்தாள்.

பூசை அமர்க்களமாக நடந்தது. எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்கின. சன்னாசி ஸ்டவுட்டை உடைத்துப் பாதியைச் சக்கரத்தில் ஊற்றினார். மீதிப் பாதி முனியாண்டியின் சார்பாக அவர் வாய்க்குள் போனது. நுரையும் எலுமிச்சைச் சதையும் சேர்ந்து வழிந்து வந்து லோகேஸ்வரியின் புதுச் செருப்பை நனைத்தன. விரலிடுக்கில் பிசுபிசுப்பு.

"சாமி பாக்கட்டும், பேனட்ட தெறங்க" என்றார் சன்னாசி.

சத்தியசீலனுக்குக் கேட்கவேண்டுமா? கட்டிக்கொடுக்கப்போகிற மகளைக் கடைசியாக ஒருமுறை சிங்காரித்துக் காட்டுகிற மாதிரி, பேனட்டைத் தூக்கியதோடு நில்லாமல், காற்று இழுக்கும் குழல்களின் மேல்மூடியையும் கழற்றிவிட்டார். உள்ளே வரிசையாக ஆறு வாய்கள், பெட்ரோலுக்காகக் காத்திருக்கும் குருவிக் குஞ்சுகள் மாதிரி ஆவென்று திறந்திருந்தன.

"பாருங்க பூசாரி, இதுதான் கார்புரேட்டர். ஆறு வாயி!"

சன்னாசி அந்த வட்டாரத்தில் எந்த லாரிக்குப் பூசை போட்டாலும், என்ஜின்மேல் ஒரு கை விபூதியை அள்ளி வீசுவார். லாரிகளுக்கு மூடி உண்டு. அவருக்குக் கை பழகிவிட்டது.

"மூடுங்க மச்சான்! அது வாயி! வாயி!" என்று ராமகிருஷ்ணன் பாய்ந்தான்.

பாய்வதற்குள் விபூதி போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு வாய் பாக்கியில்லை.

"முனியாண்டி ஊட்டிவிட்டுட்டாரு" என்றார் சன்னாசி திருப்தியாக, வெற்றிலையைத் துப்பிவிட்டு.

ராமகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டான். துணியை விட்டுத் துழாவினான், ஊதினான். ஊதியதில் அவன் முகமெல்லாம் வெள்ளை. பாதிதான் வந்தது. கார் கிளம்பியது, ஆனால் கிளம்பின விதம் வேறு. ஆறு தொண்டைக்கும் ஒரே நேரத்தில் கக்குவான் இருமல் வந்த மாதிரி. லொக். லொக். லொக்லொக். பின்னால் வெள்ளைப் புகை. செம்பனையில் உட்கார்ந்திருந்த குரங்குகளே மூக்கைச் சொறிந்துகொண்டு இடம் மாறின.

"இப்ப சாம்பலும் சேந்துடுச்சு. சுடுகாட்டுக்கு வேற என்னா கொறை?" என்றாள் லோகேஸ்வரி.

லுக்குட் பட்டறையில் ஆதப்பன் காத்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. சென்ட் வாடை சாலைக்கே வந்து வரவேற்றது. பல்லிடுக்கில் ஒரு குச்சி. அதை எடுத்து, நுனியைப் பார்த்து, மறுபடியும் வாய்க்குள் வைத்தார். லோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருந்தாலும் வாங்குகிற கை. ராமகிருஷ்ணனின் மேசையிலிருந்து ஒரு தட்டைத் துடைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் கார்ச் சாவியை வைத்தாள். கொடுப்பது எதுவானாலும் முறையாகக் கொடுக்கவேண்டும் அவளுக்கு.

ஆதப்பன் காரைச் சுற்றி வந்தார். தகரத்தைத் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். "அசல். எல்லாம் அசல். இருமுது, அது பரவாயில்ல" என்றார். சத்தியசீலன் பட்டறைத் தூணோடு தூணாக நின்று, கண்ணில் தூசி விழுந்ததாக நடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆதப்பன் கதவைத் திறந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். மூச்சு இழுத்தார்.

"தூ! என்னப்பா இது நாத்தம்?"

"ஒட்டுப்பால் வாடைங்க ஐயா" என்றான் ராமகிருஷ்ணன். "வெயில்ல வச்சா போயிடும்."

"ஒட்டுப்பாலுன்னு மட்டும் சொல்லாத. இது தோட்டத்து ஆளுங்க நாத்தம். எனக்குத் தெரியாதா? எங்கப்பா காலத்துல கடைக்கு வந்து பெஞ்சுல குந்துவாங்க. அவங்க எழுந்து போனதும் பெஞ்ச தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லுவாரு. அச்சு அசலா அதே நாத்தம்." குச்சியைப் பல்லிலிருந்து எடுத்து, தோல் சீட்டின் ஓரத்தில் துடைத்தார். "மொத வேலையா சீட்டையெல்லாம் பிச்சுக் கொளுத்திடணும்."

லோகேஸ்வரியின் அம்மா மாரியம்மா, லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் ஒட்டுப்பால் மூட்டை தூக்கியவள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் அவள் தலைமுடியைவிட்டுப் போகவில்லை. லோகேஸ்வரியின் பள்ளிச் சட்டையிலும் அது இருந்தது. டவுன் பிள்ளைகள் அவளை ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்தார்கள். அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் அவள் படித்தாள், நர்ஸ் ஆனாள், இந்த வயதுவரை டெட்டாலில் குளிக்கிறாள். அவளுக்கு அந்த வாடை ஆகாது. என்றைக்கும் ஆகாது. வட்டிக்கடைக்கு அம்மா போய்வந்த நாள்கள் அவளுக்கு நினைவில் உண்டு. எழுந்து வந்த பிறகு அந்தப் பெஞ்சு என்ன ஆனது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

மாஸ்க் இரண்டையும் கழற்றினாள்.

"ஐயா, எறங்குங்க."

"என்னம்மா?"

"காடிய விட்டு எறங்குங்க."

"பேச்சு முடிஞ்சிருச்சே? சாவியக் குடுங்கம்மா."

"நாத்தம் நாத்தம்தான். ஆறு மாசமா நான் கழுவிக் கழுவி ஊத்துறேன், கரிச்சுக் கொட்டுறேன். அது எங்க வூட்டு நாத்தம், நான் திட்டுவேன். நீங்க யாரு திட்ட?"

"லோகா..." என்றார் சத்தியசீலன், தூணிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க. ஐயா, சீக்கிரம் எறங்குங்க. நீங்க குந்துன எடத்த நான் போயி கழுவணும்."

ஆதப்பனின் முகம் சிவந்து, கறுத்து, அப்புறம் பெயர் தெரியாத ஒரு நிறத்துக்குப் போனது. இறங்கினார். "இந்த சிரம்பான்ல என்னைத் தெரியாதவங்க இல்ல. பாத்துக்குறேன்" என்றார்.

"குச்சிய விட்டுட்டுப் போறீங்க" என்று அதை ரப்பர் உறை போட்ட கையால் எடுத்து நீட்டினாள்.

தட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் சீட்டில் தானே உட்கார்ந்தாள். பெட்ஷீட் இல்லை, நியூஸ்பேப்பர் இல்லை, வெறும் சீட். முதுகுத்தண்டில் ஒரு கூசல் ஓடியது. நர்ஸாகச் சேர்ந்த புதிதில் தோட்டத்து ஆஸ்பத்திரி வேனை மண் ரோட்டில் ஓட்டியவள். கிளட்ச்சை மிதித்தாள். சத்தியசீலன் ஓடி வந்து மறுபக்கம் ஏறுவதற்குள் என்ஜின் பிடித்துக்கொண்டது.

லொக். லொக். அவள் ஆத்திரத்தை அப்படியே ஆக்சிலேட்டரில் இறக்கினாள்.

டமார்!

ஆறு தொண்டையும் ஒரே மூச்சில் காறித் துப்பின. முனியாண்டி ஊட்டிய விபூதியும் முப்பது வருஷத்துக் கரியும் குழாய் வழியாகப் பீறிட்டு வந்தன. பக்கத்துப் போர்ட்டிக்சன் கடற்கரையில் குளித்தவர்கள் இடி என்று நினைத்துக் கரையேறினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புகை விலகியபோது, பின்னால் நின்ற ஆதப்பன் தலையில் சாம்பலும் சட்டையில் கரியுமாக, தைப்பூசம் முடிந்து திரும்புகிறவர் மாதிரி இருந்தார். ராமகிருஷ்ணன் சிரிப்பை அடக்க வாயில் கிரீஸ் துணியைத் திணித்துக்கொண்டான்.

அதோடு இருமல் நின்றது. சிரம்பான் சாலை ஏறியதும் கார் பாட ஆரம்பித்தது. வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. லோகேஸ்வரி மூக்கைச் சுருக்கி, உதட்டைக் கோணி, "கருமம், கருமம்" என்றபடியே ஓட்டினாள். கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

"லோகா, மூணாவது கியர்ல கொஞ்சம் மெதுவா..."

"பேசாதீங்க. நாளைக்கு எல்லா சீட்டையும் கழட்டி வெயில்ல போடணும். புரியுதா?"

"அப்ப விக்கலியா?"

"பேசாதீங்கன்னேன்."

சத்தியசீலன் அழுதார். அழுத மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தார்.

"சீச்சீ! மனுஷனா நீங்க?"

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சாவியைத் திருப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாசல்! பையன்! இந்தக் கார் இங்கே நிற்கக்கூடாது என்பதற்காகத்தானே காலையில் கிளம்பினாள்? நினைக்க நேரமில்லை. உள்ளே ஓடி, வாளியில் தண்ணீர் பிடித்து, பாதி போத்தல் டெட்டால் ஊற்றி, பிரஷ்ஷோடு திரும்பினாள். வேறெதுவும் முடியாவிட்டாலும் அந்த ஆள் குந்திய இடத்தையாவது கழுவிவிடவேண்டும்.

அதற்குள் ஷாமினியின் கார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. நெட்டையான ஒரு பையன் இறங்கினான். லோகேஸ்வரிக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகக் காரிடம் போனான். கை அதைத் தொடாமலே மேலே வருடியது.

"ஆன்ட்டி, இது ஒங்க காடியா?"

"அம்மா, இதுதான் ரகு. ரகுநாத்" என்றாள் ஷாமினி.

"வாங்க தம்பி. அது கொஞ்சம்... வாடை அடிக்கும்."

அவன் கேட்கவில்லை. கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். இன்னும் கழுவாத சீட்டு. நீளமாக மூச்சு இழுத்தான். லோகேஸ்வரி வாளியைக் கீழே வைக்காமல், அவன் மூக்கையே பார்த்தாள்.

"ஒரு வாரமா எங்கப்பா இந்தக் காடி படத்தத்தான் வாட்சப்புல அனுப்பிக்கிட்டு இருந்தாரு, ஆன்ட்டி. இன்னிக்கு லுக்குட்டுக்குப் போயி எடுக்கிறதா சொன்னாரு. அந்த நம்பர் பிளேட்டேதான்!"

"ஒங்கப்பா..." என்றார் சத்தியசீலன், நாக்கு ஒட்டிக்கொண்டு.

"ஓ, நான் சொல்லலியா டாடி?" என்றாள் ஷாமினி. "சிரம்பான் ஆதப்பன் இருக்காருல்ல, அவரோட மகன்தான் ரகு."

ரகுவின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான்.

"அப்பா? நான் ஷாமினி வீட்டுலதான் இருக்கேன்... இல்லப்பா, உள்ள இன்னும் போகல. எங்க இருக்கேன் சொல்லுங்க பாப்போம்? நீங்க வாங்கப் போனீங்களே, அந்தக் காடிக்குள்ள!"

லோகேஸ்வரி பிரஷ்ஷை டெட்டால் தண்ணீரில் முக்கினாள்.

"எறங்குங்க தம்பி" என்றாள். "கழுவணும்."